நகத்தடி எலும்பும் பக்கத்து அறை டாக்டரும்

பக்கத்து அறை வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று எண்ணுகிற பழக்கம் எனக்கு இருந்தது. தோல் மருத்துவத்தில் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற ஒருத்தி உங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதானா என்று நினைப்பீர்கள். இதுதான். என் தொழிலில் நான் செய்த பெரிய தவறு படிப்புக் குறைவால் வந்ததில்லை. அந்தச் செருப்புகளை எண்ணியதால் வந்தது.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு கடலோர ஊரில் கிறிஸ்தவப் பங்குக் கோயில் நடத்திய சின்ன மருந்தகம் அது. இரண்டே அறைகள். ஒன்றில் நான், செவ்வாயும் வெள்ளியும். பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் வந்து போவேன். இன்னொன்றில் டாக்டர் சேவியர், தினமும். இரண்டு அறைகளுக்கும் பொதுவாக வெளியே ஒரே நீள பெஞ்சு. டோக்கன் கொடுக்கும் கன்னியாஸ்திரியிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: "சேவியர் சாருக்கு குடுங்க சிஸ்டர்." சொறி, படை, தேமல் என்று வருகிறவர்கள்கூட முதலில் அவரிடம் போய்விட்டு, அவர் அனுப்பினால்தான் என்னிடம் வருவார்கள். என் சொந்த நோயாளிகள் இன்னொருவருடைய சிபாரிசில் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சேவியர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வெறும் எம்.பி.பி.எஸ். இந்த 'வெறும்' என்ற சொல்லை நான் எத்தனை தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு எம்.டி. இருந்தது, தங்கப் பதக்கம் இருந்தது, அறைச் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் இருந்தது. அவருடைய அறைச் சுவரில் ஒரு காலண்டர்தான். ஆனால் யாருடைய மாமியாருக்கு எந்தக் காலில் வீக்கம், யாருடைய மகன் சென்னையில் எந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். என் கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் அவர் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் பேனா எழுத்து அழுத்தமாக விழும். திருவிழாப் பூசையில் பங்குச் சாமியார் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்ன அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. வயது ஐம்பத்தைந்து அப்போது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வெண்ணிலா என்னிடம் நேராக வந்தவள். அதனாலேயே அவள்மேல் எனக்குப் பிரியம். இருபது வயதிருக்கும். உப்பளத்தில் உப்பு வாரிக் கூடையில் சுமக்கிற வேலை. வலது கால் கட்டைவிரல் நகத்தின் முனையில், நகத்துக்கு அடியிலிருந்து, கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு மேடு எழும்பி நகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. மேலே தோல் சொரசொரப்பாக இருந்தது. உப்புத் தண்ணீரிலேயே நிற்கிற கால். நான் ஒரு பார்வை பார்த்தேன். மரு என்று எழுதினேன்.

மருவுக்கு என்ன செய்வோமோ அதையெல்லாம் செய்தேன். தோலை அரிக்கும் மருந்து கொடுத்தேன். ஒருமுறை உறைய வைத்துப் பார்த்தேன், இரண்டுமுறை சுட்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அடங்கி, மறுபடி எழும்பியது. நான்கு மாதம் ஓடியது. "வலி அப்டியேதான் இருக்குது டாக்டரம்மா, அழுத்தி மிதிச்சா உயிரே போவுது" என்பாள். "மரு அப்படித்தான்மா, பிடிவாதம் பிடிக்கும்" என்பேன். பிடிவாதம் யாருடையது என்று இப்போது தெரிகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சலுக்கு நான் ஆளில்லை என்பதால் சேவியரிடம் போனாள். அவர் காய்ச்சலைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் நொண்டி நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறார். திரை விலகியிருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பேனாவைத் திருப்பி, அதன் மழுங்கிய முனையால் அந்த மேட்டை மெதுவாக அழுத்தினார்.

"இன்னாமா இது, கல்லு மாதிரி இருக்குது?"

"மருன்னு சொல்லியிருக்காங்க சார்."

"யாரு?"

அவள் என் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலை. அந்த மரியாதைதான் சுட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வெண்ணிலா ஒரு பழுப்பு நிற எக்ஸ்ரே கவரோடு என் அறைக்கு வந்தாள். உள்ளே படம், கூடவே எனக்கு ஒரு கடிதம். கவர் ஓரத்தில் என் பெயரை அவர் கையெழுத்தில், முழுப் பட்டங்களோடு எழுதியிருந்தார்.

"சைடுல வச்சு படம் எடுக்கச் சொன்னாரு. உங்ககிட்ட காட்டச் சொன்னாரு."

"வச்சிட்டுப் போ, பாக்கறேன்."

நான் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினேன். நகத்தைப் பற்றி எனக்கு ஒரு பொது மருத்துவர் பாடம் எடுப்பதா? அன்றைக்கு என் மனதில் ஓடியது இந்த ஒரே வாக்கியம்தான். நோயாளியின் காலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அதைவிட மோசமான ஒன்றை அடுத்துச் செய்தேன். அவர் சொன்னது தவறு என்று நிரூபிக்க வேண்டும் என்று தோன்றியது. அன்றே அவளைத் திரும்பக் கூப்பிட்டு, அந்த மேட்டின் நுனியிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வெட்டும்போது கத்தி முனை எதிலோ கரகரவென்று உரசியது. மருவில் கத்தி அப்படி உரசாது. என் கைக்கு அது தெரிந்தது. முப்பது வருடம் வெட்டிய கை. கை சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரிசோதனைச் சீட்டில் 'மரு, உறுதிப்படுத்தவும்' என்று எழுதினேன். எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

அறிக்கை வந்தது. குருத்தெலும்புத் திசு இருக்கிறது, செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, ஒழுங்கு குலைந்திருக்கிறது, எலும்பு சார்ந்த புற்றுநோயாக இருக்கக்கூடும் என்று இருந்தது. மரு இல்லை என்பது அத்தோடு உறுதி. மற்றது எதையும் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பயந்துபோய், பாண்டிச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு அறுவை மருத்துவருக்கு அந்த அறிக்கையை வைத்துக் கடிதம் எழுதி அவளை அனுப்பினேன். அவர் அறிக்கையைப் படித்தார். கட்டைவிரலை எடுத்துவிடலாம், தாமதிக்க வேண்டாம் என்றார். அடுத்த சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை, நான் பஸ்ஸைவிட்டு இறங்கி மருந்தகத்துக்குள் நுழையும்போது வெண்ணிலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டோக்கன் வாங்கவில்லை. என் பின்னாலேயே உள்ளே வந்தாள். அழவில்லை. அவள் கேட்டது இதுதான்:

"டாக்டரம்மா, பாத்தி வரப்பு மேல ஈரமா இருக்கும்ல, கட்டவிரல ஊனித்தான் நிப்போம். தலைல கூடை வேற. கட்டவிரல் இல்லாத எவளாச்சும் உப்பு சொமந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. வரப்பிலேயே நான் ஏறியதில்லை.

"உசுருதாம்மா முக்கியம்" என்றேன்.

"அது தெரியுது. ஒண்ணுதான் கேக்கணும். சேவியர் சார் குடுத்த படத்துலயும் கேன்சர்னுதான் இருக்குதா?"

அவள் கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. நான் அதைப் பார்த்திருப்பேன் என்று அவள் முழுசாக நம்பிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். இழுப்பறையைத் திறந்தேன். மூன்று வாரமாக அந்தக் கவர் அங்கேயே கிடந்தது.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பக்கவாட்டில் எடுத்த படம். கட்டைவிரலின் கடைசி எலும்பு நுனியிலிருந்து, மேல்நோக்கி, அதே எலும்பின் தொடர்ச்சியாக ஒரு சின்னக் குமிழ். எலும்பும் குமிழும் ஒன்றோடொன்று இழைந்திருந்தன. அடியில் எலும்பு அரிபடவில்லை, உடையவில்லை. நகத்துக்கு அடியில் வளரும் சாதாரண எலும்பு மேடு, இளம் வயதுக்காரர்களின் கால் கட்டைவிரலில் வருவது, புற்றுநோய் அல்ல. அதன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் குருத்தெலும்பைத்தான் நான் வெட்டி அனுப்பியிருக்கிறேன். வளர்கிற குருத்தெலும்பு நுண்ணோக்கியில் கலவரமாகத்தான் தெரியும். படம் இல்லாமல் அதைப் பார்க்கிற எவரும் பயப்படத்தான் செய்வார்கள். தவறு அறிக்கை எழுதினவருடையது இல்லை. 'இல்லை' என்று எழுதிய கை என்னுடையது.

கடிதத்தையும் பிரித்தேன். நான்கு வரி. 'மேடம், எலும்பு மேடாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நான் ஒன்றே ஒன்றுதான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.'

இளம் நண்பர்களே, அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நன்றி தோன்றவில்லை. 'ஒன்றே ஒன்று பார்த்தவனுக்குத் தெரிந்திருக்கிறதே' என்ற எரிச்சல்தான் தோன்றியது. அதற்குப் பிறகுதான் நாளைக்குச் சனிக்கிழமை என்பது உறைத்தது.

போனை எடுத்தேன். அறுவை மருத்துவர் இன்னொரு அறுவையில் இருந்தார். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். எக்ஸ்ரேயைப் படம்பிடித்து அனுப்பினேன். அவர் எரிச்சலாகத்தான் பேசினார்.

"மேடம், பயாப்ஸி ரிப்போர்ட் வேற மாதிரி சொல்லுது. நீங்கதான் அனுப்புனீங்க. எக்ஸ்ரே இருந்தா அன்னைக்கே குடுத்திருக்கலாமே?"

இங்கே எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 'இருந்தது, நான் பார்க்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம்.

"இப்பத்தான் என் கைக்கு வந்தது" என்றேன்.

அன்று மாலைக்குள் அதே திசுவை எக்ஸ்ரேயோடு வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை என்று மாற்றி எழுதினார்கள். சனிக்கிழமை அறுவை நடந்தது. நகத்தைத் தூக்கி, அந்தக் குமிழை மட்டும் அடியோடு செதுக்கி எடுத்துவிட்டு, நகப் படுகையைத் தைத்தார்கள். விரல் விரலாகவே இருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். தையல் பிரிக்க வெண்ணிலா மருந்தகத்துக்கு வந்தாள். என் அறை வாசல் வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு நிறைய ஆள். சேவியர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டார்:

"மேடம், என் லெட்டர் உங்களுக்கு எப்ப கெடச்சுது? விரல எடுக்கற வரைக்கும் போயிடுச்சாமே?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"லேட்டாத்தான் வந்துது" என்றேன்.

அவர் வெண்ணிலா பக்கம் திரும்பினார். அவர் குரல் உயர்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஏம்மா, அறிவிருக்குதா உனக்கு? கவர கையில குடுத்து நேரா அவங்ககிட்ட குடுன்னு சொன்னேன்ல? வீட்ல வச்சு பூசை பண்ணிட்டிருந்தியா? கொஞ்சம் விட்டிருந்தா விரலே போயிருக்கும்!"

வெண்ணிலா என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான். நான் கண்ணைத் தாழ்த்தி, பிரித்த தையல் நூலைக் குப்பைக் கூடையில் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான் சார்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் வரவேயில்லை. ஊரில் எல்லாரும் நான்தான் கடைசி நேரத்தில் விரலைக் காப்பாற்றினேன் என்று பேசிக்கொண்டார்கள். என் வாசலில் சில வாரம் செருப்புகள் கூடின. எண்ணினேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழிந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்த சமயம். சேவியர் தானே ஒரு நோயாளியை என் அறைக்குக் கூட்டிவந்தார். கன்னியப்பன், கடற்கரைக் குப்பத்து மீனவர், ஐம்பது தாண்டியவர். இடது கால் கட்டைவிரல். நகம் தூக்கி, அடியில் சிவப்பாக ஒரு மேடு.

"வெண்ணிலா கேஸ் மாதிரியேதான் மேடம். எக்ஸ்ரேலயும் நுனியில லேசா ஒரு மேடு தெரியுது. மூணு மாசமாச்சு. கடலுக்குப் போவாம இருக்க முடியாதுன்னாரு, சரி தடைக்காலத்துல எடுத்துக்கலாம்னு கட்டு மட்டும் போட்டுட்டிருந்தேன்."

இந்தத் தடவை கவரை உடனே பிரித்தேன். எதற்கு என்று உண்மையைச் சொல்கிறேன்: அதில் ஒரு பிழை இருக்காதா என்றுதான். படத்தில் எலும்பு நுனியில் இருந்தது வயதானால் பலருக்கும் இருக்கிற சின்னப் பிசிறு. நகத்தைத் தூக்குகிற அளவுக்கு அது இல்லை. விரலைப் பிடித்து அந்த மேட்டை அழுத்தினேன். கல் இல்லை, ஈறு மாதிரி மெத்தென்று இருந்தது. லேசாக அழுத்தியதும் ரத்தம் கசிந்தது. வலிக்கிறதா என்றேன். "ஒண்ணும் தெரியலையே" என்றார் கன்னியப்பன். நகத்தின் அடிவாரத்தில் தோலின்மேல், தேநீர்க் கறை போல ஒரு மங்கல் பழுப்பு. வெயிலில் கறுத்த கால் என்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். பிழையைத் தேடுகிற கண்ணுக்குக் கூர்மை அதிகம்.

துண்டு எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை சீட்டில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். பத்து நாளில் அறிக்கை வந்தது. மெலனோமா. நகத்துக்கு அடியில் வரும் புற்றுநோய்களில் எல்லாரும் பயப்படுவது.

அறிக்கையை அறையில் தனியாக நின்று படித்தேன். என் நெஞ்சில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி. நீங்கள் தவறாகப் படிக்கவில்லை. கடலில் உழைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்த ஒரு மனிதருக்குப் புற்றுநோய் என்ற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'சேவியர் தோற்றார்' என்று நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கும். கண்ணாடி பீரோவில் என் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அவர் படித்தார். திரும்பப் படித்தார். நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டார்.

"மூணு மாசம் மேடம். என் கையில மூணு மாசம் இருந்துது."

ஆறுதல் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் எழுந்து போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனை உள்ளே அழைத்தார். நான் இருக்கும்போதே, கதவைக்கூடச் சாத்தாமல், சொன்னார்:

"கன்னியப்பண்ணா, நான் தப்பு பண்ணிட்டேன். எலும்புன்னு சொன்னேன்ல, எலும்பு இல்ல. புத்துநோய். மூணு மாசம் முன்னாடியே நான் டாக்டரம்மாகிட்ட அனுப்பியிருக்கணும். என்மேலதான் தப்பு."

கன்னியப்பன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசுருக்கு இன்னா?"

"இப்பவே வெரல எடுத்துட்டா பெரிசா பயம் இல்ல. தொடையிடுக்குல நெறி கட்டியிருக்குதான்னும் பாக்கணும். பாண்டிக்குப் போவணும், நாளைக்கே."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். சரியாகக் கண்டுபிடித்தவள் நான். என்னிடம் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். அவர் சேவியரிடம் திரும்பினார்.

"நீங்க கூட வருவீங்கல்ல சார்?"

"வர்றேன்ணா."

"அப்ப சரி."

அவ்வளவுதான். தவறு செய்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். எனக்கு அன்றைக்கு வந்த பொறாமை போல வாழ்நாளில் வந்ததில்லை. அதற்கு முன்னால் அவருடைய கூட்டத்தைப் பார்த்து எரிந்திருக்கிறேன், சிரிப்பைக் கேட்டு எரிந்திருக்கிறேன். அன்றைக்கு எரிந்தது வேறு ஒன்றுக்காக. 'நான் தப்பு பண்ணிட்டேன்' என்று பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒருவரால் சொல்ல முடிகிறது. அப்படிச் சொன்ன பிறகும் நோயாளி அவரோடு போகிறார். ஒரு வருடமாக எனக்கு அது வாயில் வரவில்லை.

மறுநாள் அவர்கள் இருவரும் பாண்டிச்சேரி போனார்கள். விரலை எடுத்தார்கள், நெறியில் பரவியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம். கன்னியப்பன் இன்றும் கடலுக்குப் போகிறார்.

அவர்கள் போன அன்று எனக்கு வேலை நாள் இல்லை. ஆனாலும் பஸ் ஏறி மரக்காணம் வந்தேன். மருந்தகத்துக்குப் போகாமல் உப்பளத்துக்குப் போனேன். சித்திரை வெயில். வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், கண்ணைத் திறக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறினேன். நான்கு எட்டு வைப்பதற்குள் வழுக்கியது. கட்டைவிரலை ஊன்றித்தான் நின்றேன்.

வெண்ணிலா கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"இன்னா டாக்டரம்மா, இங்க?"

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கவர் நீ குடுத்த அன்னைக்கே என் கையில இருந்துது. நான்தான் பிரிக்கல. மூணு வாரம் டிராயர்ல வச்சிருந்தேன். நீ திட்டு வாங்கினப்பகூட நான் வாயத் தொறக்கல."

தலையிலிருந்த சும்மாடு துணியை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்றும் நினைத்தேன்.

"இத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?" என்றாள். "எனக்குத் தெரியாதா? நான்தான குடுத்தேன். தெரியாதவரு அவருதான். அவருகிட்ட போய்ச் சொல்லுங்க."

கூடையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். அந்தக் குறுகின வரப்பில் என்மேல் இடிக்காமல் எப்படிப் போனாள் என்று தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சேவியர் திரும்பி வந்திருந்தார். பெஞ்சு நிரம்பியிருந்தது, ஒரு வாரம் அவர் இல்லாததால் இரண்டு பங்குக் கூட்டம். அவரை அறைக்குள் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவள் திட்டு வாங்கியது பெஞ்சுக்கு முன்னால். அதனால் அங்கேயே நின்று சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சேவியர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்மேல் கோபப்படுவார் என்றோ, பரவாயில்லை மேடம் என்பார் என்றோ நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"ஐயோ, அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும் திட்டினேனே!"

அவ்வளவுதான். உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். "வந்துடறேன் சிஸ்டர்" என்று டோக்கன் மேஜையில் சொல்லிவிட்டு, உப்பளப் பக்கம் பைக்கைத் திருப்பினார். தூசி அடங்கும் வரை எல்லாரும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அவருக்கு டோக்கன் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும். "அவசரமா இருக்கறவங்க யாராச்சும் இருந்தா உள்ள வாங்க" என்றேன். யாரும் அசையவில்லை. நான் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்துபோய்த் திரையை முழுக்க விலக்கிவிட்டு வந்தேன். இனி எதை மறைக்க?

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். மீன் விற்கிறவள், கையில் கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. "அவரு வர நேரமாவுமாட்டம் இருக்குது. நீங்க பாப்பீங்களா?" என்றாள். குரலில் நம்பிக்கை அதிகம் இல்லை. வேறு வழியில்லாமல் வந்தவள்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். என் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் கையை என் கையில் வாங்கினேன். எத்தனை நாளாக, எதனால், அழுத்தினால் வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல், முழுசாகக் கேட்டேன்.